துத்திக்கு எதுக்குப்பா கூரியரு?

ஏம்ப்பா தம்பி, பட்டாபிராமுல வாங்குன காலி மனையில ஜேசிபி வுட்டு சுத்தம் பண்ணிட்டியாமே, சந்தோசம். இடுப்பு ஒசரத்துக்கு நின்ன துத்தி அத்தனையும் வேரோட போச்சு. மறுவாரமே துத்தி இலைப் பொடின்னு ஒரு டப்பா கூரியர்ல உன் வூட்டு வாசலுக்கு வந்துதுன்னு மருமவ சொல்லிச்சு. கெட்டிக்காரன்தான்.

உக்கார முடியலயாமே? எங்கன்னு நான் கேக்கல. அம்பத்தூர் எஸ்டேட்டு 1964-ல வந்தப்ப லேத்துக்காரன் நாளெல்லாம் நின்னான், அவனுக்குக் காலு வலி. நீ அதே எஸ்டேட்டுல கண்ணாடிக் கட்டடத்துல நாற்காலிய வுட்டு எழுந்திரிக்காம பரோட்டாவா துன்னுற. ஒனக்கு வலி எடம் மாறிப்போச்சு, அவ்ளோதான்.

துத்தின்னா எதுன்னு தெரியாமத்தான் வெட்டிட்ட. ஏரிக்கரை, ரயில் ரோட்டோரம் எங்க பார்த்தாலும் கெடக்கும். இலை அரச இலை தினுசுல முனை கூரா இருக்கும், தொட்டா வெல்வெட்டு. மஞ்சப் பூவைக் காலையில போய்த் தேடாத, அந்த மகராசி பொழுது சாயறப்பதான் முகம் காட்டுவா. காய் உங்க எஸ்டேட்டு பல்சக்கரம் மாதிரி வட்டமா இருக்கும், பதினஞ்சு இருவது பல்லு. பருத்தி, பூவரசு, செம்பருத்தி, வெண்டை எல்லாம் இதுக்குப் பங்காளிங்க. வெண்டைக்காயத் துன்னா கணக்கு வரும்னு புள்ளைக்கு ஊட்டுற, அதே கொழகொழப்பு இந்த இலையிலயும் இருக்குது. குடலை இளக்கி வுடும்னு மூலத்துக்கு சித்த வைத்தியத்துல குடுக்கறாங்க.

இலையப் பொடியா அரிஞ்சு, சின்ன வெங்காயத்தோட விளக்கெண்ணெயில வதக்கி சோத்துல பெசஞ்சு துன்னு. பாசிப்பருப்பு போட்டு கூட்டு வெச்சாலும் ஆவும். வதக்குன இலைய இளஞ்சூட்டுல வெச்சுக் கட்டுறதும் உண்டு. எங்க வெச்சுக் கட்டுறதுன்னு நாலு பேரு படிக்கிற எடத்துல சொல்ல முடியாது.

அதுக்காக மாடித் தோட்டத்துல வெண்டைச் செடி பக்கத்துலயே கொண்டாந்து நட்டுடாத. பருத்தியக் கெடுக்கிற செவப்புப் பூச்சி துத்தியிலயும் குடித்தனம் பண்ணும், அங்கேர்ந்து வெண்டைக்குத் தாவும். சாக்கடையோரம் நிக்கிறதும் வேணாம், களைக்கொல்லி அடிச்ச மனையிலேர்ந்தும் பறிக்காத.

இம்புட்டும் மலச்சிக்கலுக்கும் சின்ன எரிச்சலுக்கும்தான். ரத்தம் போச்சுன்னா இந்தக் கெழவன் பேச்ச வுட்டுடு, கூகுளையும் வுட்டுடு. பூந்தமல்லி ஹைரோட்டுல பஸ் ஏறுனா அரும்பாக்கத்துல அண்ணா பேருல கவர்மெண்டு சித்த ஆஸ்பத்திரி இருக்குது. வெக்கப்படாம சீட்டு வாங்கி, டாக்டருகிட்ட காட்டிட்டு வா.