பாஸ்தா காத்திருக்காது

கேள்வி: இத்தாலிய விருந்தில் பாஸ்தாவையும் இறைச்சியையும் ஒரே தட்டில் வைத்தால் குடியா முழுகிவிடும்?

பதில்: குடி முழுகாது, ருசி முழுகிவிடும். முதலில் ஆன்டிபாஸ்தோ வரும்: காகிதம் போல் அரிந்த ப்ரோஷூட்டோ என்ற உலர்த்திய பன்றித்தொடை, ஆலிவ், எண்ணெயில் ஊறிய காய்கள். அடுத்தது ப்ரீமோ: பாஸ்தா, ரிசோட்டோ என்ற குழைந்த அரிசி உணவு அல்லது சூப். அதைச் சாப்பிட்டு முடித்துத் தட்டை எடுத்த பிறகுதான் செகோந்தோ, அதாவது இறைச்சி அல்லது மீன். காய்கறி அதற்குத் துணை. பிறகு சீஸ், பழம், இனிப்பு, காபி. இந்த வரிசையில் பாஸ்தா யாருக்கும் தொடுகறி அல்ல. மிலான்காரர்கள் மட்டும் ஒஸ்ஸோபூக்கோ என்ற கன்றுக்கால் இறைச்சியைக் குங்குமப்பூ ரிசோட்டோவோடு ஒரே தட்டில் பரிமாறுவார்கள். ஒருமுறை சாப்பிட்டவர்கள் அதை ஆட்சேபிக்க மாட்டார்கள்.

கேள்வி: இத்தனையும் சமைத்தால் வீட்டுக்காரர் விருந்தாளியோடு உட்காருவது எப்போது?

பதில்: நேப்பிள்ஸ் வீடுகளின் ஞாயிற்றுக்கிழமை ராகுவைப் பாருங்கள். மாட்டிறைச்சி, பன்றியிறைச்சியைப் பெரிய துண்டுகளாக வெங்காயத்தோடு சிவக்க வதக்கி, வைன் விட்டு, அது வற்றியதும் தக்காளியை ஊற்றி, இருப்பதிலேயே சின்னத் தீயில் வைக்கிறார்கள். மூடியைச் சற்றே ஒருக்களித்து வைப்பார்கள். கொதிக்கக் கூடாது, அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குமிழி எழுந்து உடைய வேண்டும், அவ்வளவுதான். ஐந்தாறு மணி நேரத்தில் சிவப்பு கறுத்து, எண்ணெய் மேலே பிரிந்து நிற்கும். அந்தச் சாஸ் மட்டும் கையால் ஒடித்த ஜீட்டி பாஸ்தாவுக்குப் போகும், ப்ரீமோ தயார். சட்டியில் கிடக்கும் இறைச்சி அடுத்த தட்டுக்கு, அது செகோந்தோ. ஒரே சட்டி, இரண்டு பந்தி! சமைத்தவரும் எல்லாரோடும் உட்கார்ந்து சாப்பிடலாம். முதன்முதலில் இத்தாலிய விருந்து வைக்க நினைப்பவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான்.

கேள்வி: விருந்தாளிகள் வருமுன்பே பாஸ்தாவை வேகவைத்து எடுத்து வைக்கலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். பாஸ்தாவுக்காக விருந்தாளி காத்திருக்கலாம், விருந்தாளிக்காகப் பாஸ்தா காத்திருக்காது. எல்லாரும் மேசைக்கு வந்த பிறகு போடுங்கள். 100 கிராமுக்கு 1 லிட்டர் தண்ணீர், 10 கிராம் உப்பு. பாக்கெட்டில் போட்டிருக்கும் நேரத்துக்கு ஒரு நிமிடம் முன்பே எடுத்து, வெந்த நீரில் ஒரு கரண்டி சேர்த்துச் சாஸோடு புரட்டுங்கள். அந்த நீரிலுள்ள மாவுச்சத்துதான் சாஸைப் பாஸ்தாவில் ஒட்ட வைக்கிறது. பின்னால் இறைச்சி வருவதால் தலைக்கு 60, 70 கிராம் போதும்.

கேள்வி: இறால் பாஸ்தாவுக்குச் சீஸ் துருவலாமா?

பதில்: துருவியைக் கீழே வையுங்கள்.

கேள்வி: இந்தச் சட்டங்களை எல்லாம் யார் போட்டது?

பதில்: பெரும்பாலும் பாட்டிமார்கள். எழுத்தில் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் பெல்லெக்ரினோ ஆர்த்தூசி. 1891-ல் சொந்தக் காசில் அச்சிட்ட சமையல் நூலில், எந்த மாதத்து விருந்துக்கு என்னென்ன என்று பட்டியலே கொடுத்திருக்கிறார். அதிகாரபூர்வமான காவலும் உண்டு. தாலியத்தெல்லே பாஸ்தா வெந்தபின் 8 மி.மீ. அகலம் இருக்க வேண்டும் என்று 1972-ல் பொலோனியா வணிகச் சபையில் பதிவு செய்து, தங்கத்தில் ஒரு மாதிரியும் வைத்திருக்கிறார்கள். சாப்பாட்டை இவ்வளவு அக்கறையாகக் காப்பவர்களை எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் தினமும் இத்தனை தட்டு அங்கேயும் கிடையாது. ஞாயிறு, கிறிஸ்துமஸ், கல்யாணம் என்றால்தான் முழு வரிசை.

கேள்வி: விருந்து முடிவில் கப்புச்சினோ கொடுக்கலாமா?

பதில்: அது காலைப் பானம். நிறைந்த வயிற்றில் அவ்வளவு பாலுக்கு இடமேது? இனிப்பு முடிந்த பிறகு எஸ்ப்ரெஸ்ஸோ கொடுங்கள்.

கேள்வி: தட்டில் மிஞ்சிய சாஸை ரொட்டியால் வழித்துச் சாப்பிட்டால் தப்பா?

பதில்: வீட்டு விருந்தில் தாராளமாக வழிக்கலாம், சமைத்தவருக்கு உச்சி குளிர்ந்துவிடும். மேசையில் ரொட்டி இருப்பதே அதற்கும் சேர்த்துத்தான். வெண்ணெய் தேடாதீர்கள், வைத்திருக்க மாட்டார்கள். ஆனால் முதல் தட்டிலேயே ரொட்டிக் கூடையைக் காலி செய்துவிடாதீர்கள். இறைச்சித் தட்டிலும் சாஸ் இருக்கிறது.