அழுத்தம் மிகுந்த ஊரிலிருந்து ஒரு நன்றிக் கடிதம்

மதிப்பிற்குரிய கீசர் கம்பெனியின் வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்கு,

போன செவ்வாய்க்கிழமை தங்கள் டெக்னீஷியன் ஆம்பூரில் என் வீட்டுக்கு எழுந்தருளினார். குளியலறையில் தையல் பிரிந்து கிடந்த 25 லிட்டர் கீசரைச் செருப்புக் காலால் லேசாகத் தட்டிப் பார்த்தார். பிறகு ஜாப் கார்டில் ஒரே வரி எழுதினார்: "தண்ணீர் அழுத்தம் அதிகம். வாரன்டி செல்லாது." கையெழுத்துப் போட்ட கையோடு, பிரியாணிக்கு எந்தக் கடை நல்ல கடை என்று கேட்டார். சொன்னேன். வந்தவரைப் பட்டினியாக அனுப்பும் வழக்கம் எங்கள் ஊரில் இல்லை.

அந்த ஒரு வரிக்கு நன்றி சொல்லத்தான் இந்தக் கடிதம். வேலூர்ப் பக்கத்து ஆட்கள் எங்கே போனாலும், அங்குள்ளவர்கள் நீரில்லாத ஆறு, அரசனில்லாத கோட்டை, சாமியில்லாத கோயில் என்று ஒரு பட்டியலைச் சொல்லிச் சிரிப்பார்கள். கோயில் கணக்கு 1981இல் நேராகிவிட்டது, ஜலகண்டேஸ்வரர் திரும்பி வந்துவிட்டார். கோட்டையை விடுங்கள், ஆறு பாக்கி இருந்தது. 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்தபோது, கல்யாண வீட்டுக்குப் போவதுபோல் குடும்பம் குடும்பமாகப் போய்ப் பார்த்தவர்கள் நாங்கள். எங்களிடம் தண்ணீர் அதிகம், அதிலும் அழுத்தம் அதிகம் என்று எழுத்தில் கொடுத்த முதல் நிறுவனம் தாங்கள்தான். ஜாப் கார்டை லேமினேட் செய்து ஹாலில் மாட்டியிருக்கிறேன். இரண்டு நாளுக்கு ஒருமுறை குடம் தூக்கும் பக்கத்து வீட்டு அக்கா வந்து தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

என் புத்திக்கு எட்டாத ஒரு சின்னக் கணக்கு மட்டும் இருக்கிறது. தண்ணீர் 10 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கினால் 1 பார் அழுத்தம். என் வீட்டு டேங்க் மொட்டை மாடியில், கீசருக்கு மேலே 3 மீட்டரில் இருக்கிறது. பிரஷர் பம்ப் கிடையாது. ஆக 0.3 பார். தங்கள் கீசரின் வால்வு மேல் 8 பார் என்று அச்சடித்திருக்கிறது. டேங்க்கைத் தூக்கிக்கொண்டு போய் 72 மீட்டர் உயரமுள்ள திருவரங்கம் ராஜகோபுரத்தின் உச்சியில் வைத்தாலும் 7 பாருக்குக் கொஞ்சம் கூடத்தான் வரும். எட்டுக்கு எட்டாது. அப்படியானால் அந்த அழுத்தம் எங்கிருந்து வந்தது?

பிளம்பர் பாயைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஜாப் கார்டைப் படித்தவர் முதலில் அதற்கு ஒரு சலாம் வைத்தார். பிறகு, "மேல தொட்டி, கீழ பைப்பு. இதுல இன்னா சார் பிரஷர் வரப்போவுது? உள்ள சூடாவற தண்ணிக்கு வெளிய வர வழி இல்ல, அதான்" என்றார்.

அவர் சொன்னது இதுதான். தண்ணீர் சூடானால் பெருகும். 25 டிகிரியிலிருந்து 65 டிகிரிக்குப் போகும்போது 25 லிட்டர் தண்ணீர் ஏறக்குறைய 400 மில்லி கூடும், அதாவது இரண்டு டம்ளர். வந்த வழியே திரும்பிப் போக வால்வு விடாது. அழுத்தம் ஏறினால், அதே வால்வின் பக்கத்துத் துவாரம் திறந்து சொட்டுச் சொட்டாக வெளியே விடும். அந்தச் சொட்டு கோளாறு அல்ல, கீசர் மூச்சு விடுகிறது என்று அர்த்தம்.

சொட்டுகிறது என்று நான் புகார் கொடுத்தது ஐப்பசியில். தங்கள் டெக்னீஷியன், இதே டெக்னீஷியன், வந்தார். ஒரு பித்தளை பிளக்கை எடுத்து, டேப் சுற்றி, அந்தத் துவாரத்தில் திருகி அடைத்தார். "இனி ஒரு சொட்டு வராது சார்" என்றார். வாக்குத் தவறவில்லை, ஒரு சொட்டுகூட வரவில்லை. தெர்மோஸ்டாட் எப்போது கெட்டதோ தெரியாது. மார்கழியில் ஒரு நாள் விடிகாலை ஐந்தேகாலுக்கு மொத்தமாக வந்தது. வெயிலூருக்கு எதற்கு கீசர் என்று கேட்பீர்கள். ஏலகிரிப் பக்கத்துக் குளிரில் எழுபத்தெட்டு வயது முட்டிக்குத்தான் அதன் விடை தெரியும். அம்மா தலைதுவட்டிக்கொண்டு வெளியே வந்து இரண்டு நிமிடம் ஆகியிருந்தது. இரண்டு நிமிடம், ஐயா. அந்த இரண்டு நிமிடத்துக்குத் தங்கள் ஜாப் கார்டில் கட்டம் இல்லை.

மன்னிக்கவும், குரல் உயர்ந்துவிட்டது. அழுத்தம் அதிகம்.

போகும்போது தங்கள் டெக்னீஷியன் டி.டி.எஸ். பேனாவை வாளியில் முக்கி, "உப்பும் ஜாஸ்தி சார், இதுக்கும் வாரன்டி கிடையாது" என்று இன்னொரு பட்டம் தந்தார். ஒத்துக்கொள்கிறேன். சுண்ணாம்பு வால்வை அடைக்கும், உப்பு டேங்க்கை அரிக்கும். சுண்ணாம்பு மண்ணிலேயே உள்ளது. உப்பை நான் போடவில்லை. பச்சைத் தோல் கெடாமல் இருக்க உப்புப் போடுகிறார்கள், தொழிற்சாலையில் அந்தத் தோலை ஊறவைத்து அலசுகிறார்கள், அலசிய தண்ணீர் பல வருடங்களாகப் பாலாற்றுக்கும் கிணற்றுக்கும் போனது. ஷூ எங்கெங்கோ போயிற்று, உப்பு இங்கேயே தங்கிவிட்டது. மாசுபடுத்தியவனே கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28இல் எங்கள் வேலூர் வழக்கில் சொன்னது. தோல் தொழிற்சாலைக்குத் தலா 10,000 ரூபாய் அபராதமும் போட்டது. சட்டக் கல்லூரிப் பிள்ளைகள் இன்றும் அதை மனப்பாடம் செய்கிறார்கள். 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம் அதே பாலாற்றுக்காக மறுபடியும் தீர்ப்பு எழுத வேண்டியிருந்தது. தங்கள் கையேட்டின் கடைசிப் பக்கம் ரொம்பச் சுருக்கம்: குளிப்பவனே கொடுக்க வேண்டும்.

ராணிப்பேட்டையில் 2015 ஜனவரி 31 அதிகாலை, தோல் கழிவைத் தேக்கிய தொட்டியின் சுவர் உடைந்து, பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் 10 பேர் செத்தார்கள். பெரும்பாலானவர்கள் வங்காளத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். வெளியே போக வழியில்லாமல் தேக்கினால் சுவர் தாங்காது. இதைச் சொல்ல எந்த டெக்னீஷியனும் வேண்டாம்.

எங்கோ போய்விட்டேன். தங்கள் பெருந்தன்மைக்கு வருகிறேன். அழுத்தச் சான்றிதழ் வழங்கிய தாங்கள், கூடவே ஒரு விளக்கமும் அருள வேண்டும். உடைந்த கீசரிலிருந்து அந்தப் பித்தளை பிளக்கைப் பாய் கழற்றிக் கொடுத்திருக்கிறார், டேப் சுற்றியது சுற்றியபடியே இருக்கிறது. பிளாஸ்டிக் பையில் போட்டுப் போட்டோவும் எடுத்துவிட்டேன். ஐப்பசி மாதத்து ஜாப் கார்டும் பத்திரமாக இருக்கிறது. அதில் தங்கள் டெக்னீஷியன் தன் கைப்படவே எழுதியிருக்கிறார்: "ஒழுகல் அடைக்கப்பட்டது. வாடிக்கையாளர் திருப்தி." அதையும் லேமினேட் செய்துவிட்டேன். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் தொங்குகின்றன.

இப்படிக்கு,
அழுத்தம் மிகுந்த தங்கள் வாடிக்கையாளர்,
ஆம்பூர்.

பி.கு.: மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் புகாருக்குக் கட்டணம் கிடையாதாம். இரண்டு வருடம் அவகாசமும் உண்டு. இன்னும் மூன்று வாரம்தான் ஆகியிருக்கிறது.