லூட்டன் டவுனில் எனக்கு உத்தியோகம்

ஃபுட்பால் வீடியோ கேமில் அக்கா மகன் எடுப்பது எப்போதும் மான்செஸ்டர் சிட்டிதான். ஸ்ட்ரைக்கர் ஹாலண்டுக்குப் பந்தைத் தள்ளிவிட்டால் போதும், கோல் விழுவதற்குள் சிப்ஸ் பாக்கெட்டைப் பிரித்துவிடுவான். ஜெயிப்பதற்கென்றே செய்து வைத்த அணியை வைத்துக்கொண்டு ஜெயிப்பதில் என்ன இருக்கிறது? ‘ஈஏ ஸ்போர்ட்ஸ் எஃப்சி 24’ கேமில், மேனேஜராக ஒரு கிளப்பை நடத்தும் கேரியர் மோடைத் திறந்து நான் லூட்டன் டவுனை எடுத்தேன்.

“அப்படி ஒரு ஊர் நிஜமாவே இருக்கா மாமா?”

இருக்கிறது. லண்டனுக்கு வடக்கே, ஒரு காலத்தில் தொப்பி செய்து பிழைத்த ஊர். 2014 வரை ஐந்தாம் டிவிஷனில் கிடந்த அணி, 2023இல் கவன்ட்ரியைப் பெனால்டியில் வென்று பிரீமியர் லீகுக்குள் வந்துவிட்டது. பெல்லி ரடாக் எம்பான்சு என்ற ஆட்டக்காரர் அந்த ஐந்தாம் டிவிஷனிலிருந்து உச்சிவரை அதே கிளப்போடு ஏறியவர். மைதானம் இன்னும் விசேஷம். வெளியூர் ரசிகர்கள் வரிசை வீடுகளுக்கு நடுவே நுழைந்து, யாரோ ஒருவரின் கொல்லைப்புறத்துக்கு மேலே படியேறிப் போய்த்தான் உட்கார வேண்டும். இப்படிப்பட்ட அணியை விட்டுவிட்டுச் சிட்டியை எடுக்க எனக்கு மனசு வராது.

பாதிக்கு ஆறு நிமிடம், ஆட்டத்துக்குப் பன்னிரண்டு, சீசனுக்கு 38 ஆட்டம். கூட்டினால் எட்டு மணி நேரம்கூட முழுசாக ஆகாது. ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிடலாம் என்று தோன்றும். எனக்கு மழைக்காலம் முழுக்கப் போயிற்று. காரணம், பந்து உருளும் நேரம் கொஞ்சம்தான், மிச்சமெல்லாம் ஆபீஸ்.

நிர்வாகக் குழு ஐந்து தலைப்பில் இலக்கு கொடுக்கிறது: உள்நாட்டுப் போட்டி, ஐரோப்பியப் போட்டி, பிராண்டு, நிதி, இளைஞர் வளர்ப்பு. நான் வேலை பார்க்கிற நிஜ ஆபீஸில்கூட இவ்வளவு தெளிவாக யாரும் சொன்னதில்லை. தென்னமெரிக்காவுக்கு அனுப்பிய ஸ்கவுட் மாதாமாதம் பதினாறு வயசுப் பையன்களின் பட்டியலோடு வருவார். எல்லாரும் நல்ல பிள்ளைகள், யாருக்கும் டிஃபென்ஸ் ஆட வராது. பெஞ்சில் உட்காரவைத்த ஆட்டக்காரர், தனக்கு ஏன் வாய்ப்பில்லை என்று மெயில் போடுவார். வீட்டில் சாப்பிடக் கூப்பிடும் நேரம் பார்த்துத்தான் பத்திரிகையாளர் சந்திப்பு வரும்.

“யாருக்குப்பா பதில் சொல்லிண்டிருக்க?” என்று அம்மா கேட்டாள்.

“பத்திரிகைக்காரங்களுக்கும்மா.”

அவள் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. அப்பாவிடம் போய்ச் சொன்னாள்.

ஆட்டத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். லெஜண்டரி லெவலில் லூட்டனை வைத்து ஆடினால், பந்தை எப்போதாவது பார்க்கலாம். கோல்கீப்பர் கமின்ஸ்கிதான் என் அணியின் முழுநேர ஊழியர். லிவர்பூலை 0-0 என்று மடக்கியபோது கூச்சல் போட்டு வீட்டை எழுப்பிவிட்டேன். நிஜ லூட்டனும் அந்த சீசனில் லிவர்பூலோடு டிரா செய்தது. ஆனால் அவர்கள் சோங் அடித்த கோலோடு முன்னால் இருந்து, 95ஆம் நிமிடத்தில் கோட்டை விட்டவர்கள். என் பையன்கள் முன்னால் போகிற தப்பையே செய்யவில்லை.

“தோத்தா ஆஃப் பண்ணிட்டு பழைய சேவ்ல இருந்து ஆடுங்க மாமா, எல்லாரும் அப்படித்தான்” என்று மருமகன் வழி சொன்னான். மாட்டேன் என்றேன். அந்த வசதி நிஜ மேனேஜர் ராப் எட்வர்ட்ஸுக்கு இருந்ததா? இருந்திருந்தால் 26 புள்ளியோடு 18ஆம் இடத்தில் முடித்து, வந்த வழியே கீழே இறங்கியிருப்பாரா? “அப்போ லெவலையாவது குறைங்க” என்றான். அவனுடைய தலைமுறையைப் பற்றி எனக்குக் கவலையாக இருக்கிறது.

கடைசி வாரத்தில் தப்பித்து 17ஆம் இடத்தில் நின்றேன். கோப்பை வாங்கியவன்கூட அப்படி ஆடியிருக்க மாட்டான். மறுநாளே இன்பாக்ஸில் வேறொரு பெரிய கிளப்பின் அழைப்பு: எங்களுக்கு மேனேஜராக வருகிறீர்களா? பெருமையாக இருந்தது. நிஜ ஆபீஸில் அப்ரைசல் முடிந்து இன்னும் பதில் வராத வாரம் அது. மறுத்துவிட்டு லூட்டனின் புது சீசனைத் திறந்தேன். எம்பான்சு மெயில் போட்டிருந்தார், தனக்கு ஏன் வாய்ப்பில்லை என்று.