‘வரணும்’ கட்சிக்காரர்

விளையாட்டு ரசிகர்களை அணிப் பற்றாளர், வீரர் பற்றாளர் என இரண்டாகப் பகுப்பது வழக்கமெனினும், இவ்விரண்டிலும் அடங்காத மூன்றாம் வகையினர், சென்னை–அரக்கோணம் இருப்புப் பாதையில் திருவாலங்காட்டுக்கு முந்தைய நிலையமான மணவூரில் நல்ல எண்ணிக்கையில் காணப்படுகின்றனர். அணியில் இருக்கும் பதினொருவர் மீது இவ்வகையினருக்குப் பெரிய நாட்டமில்லை. இல்லாத ஒருவர் மீதே தீராத நாட்டம். முன்பு ஆடிவிட்டு வேறு அணிக்குச் சென்ற வீரர் பழைய அணிக்குத் திரும்ப வேண்டுமா என்று கேட்டால், கேள்வி முடிவதற்கு முன்பே ‘வரணும்’ என்று விடையளிக்கும் இவரை, ஆய்வு வசதி கருதி ‘வரணும்’ கட்சிக்காரர் எனலாம். தெலுங்கை வீட்டு மொழியாகக் கொண்ட குடும்பங்கள் கலந்து வாழும் எல்லைப்புறம் ஆதலால் இக்கட்சிக்கு ‘ராவாலி’ என்றொரு கிளையும் உண்டு. கொள்கையில் வேறுபாடு இல்லை.

இவரது வாழ்வில் ‘சீசன்’ என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. முதலாவது, மாதந்தோறும் புதுப்பித்துக்கொள்ளும் புறநகர் ரயில் பயணச்சீட்டு. இரண்டாவது, கோடையில் நடைபெறும் ஐபிஎல் என்னும் இருபது ஓவர் கிரிக்கெட் போட்டித் தொடர். காலையில் சென்னைக்குப் போய் மாலையில் மணவூருக்கே திரும்புவதை இருபத்தைந்து ஆண்டுகளாகத் தவறாமல் செய்து வருபவர் என்பதால், போனவர் திரும்ப வேண்டும் என்பது இவருக்கு ஒரு கருத்தாக அன்றி, இயற்கை விதியாகவே தோன்றுகிறது.

ஐபிஎல்லில் வீரர்கள் அணி மாறுவது பெரும்பாலும் ஏலத்தால் நிகழ்வது. ஒவ்வோர் அணியும் சிலரை மட்டும் தக்கவைத்துக்கொண்டு மற்றவர்களை விடுவிக்க, விடுவிக்கப்பட்டவர்களை எவர் அதிக விலை கேட்கிறாரோ அவர் கொண்டுபோகிறார். இந்த ஏற்பாட்டைக் கட்சிக்காரர் அறியாதவர் அல்லர், எனினும் ஏற்பதில்லை. அவர் அகராதியில் வீரர் எவரும் விற்கப்படுவதில்லை, கோபித்துக்கொண்டுதான் போகிறார். ஆகவே ஏல அரங்கை அவர் பார்க்கும் பார்வை சந்தையைப் பார்ப்பதாக இராமல், தலைத் தீபாவளிக்கு அழைக்கவில்லை என்று முறுக்கிக்கொண்ட மருமகனை வழிக்குக் கொண்டுவர நான்கு பெரியவர்கள் கூடிய பஞ்சாயத்தைப் பார்ப்பதாகவே இருக்கிறது.

இதற்கு அவர் ஊர்ப்பக்கத்துச் சான்றும் காட்டுவார். கனிக்காகக் கோபித்துப் பழனிக்குப் போன முருகன், போரின் சினம் தணிந்து அமர்ந்த இடம் திருத்தணி. ‘செரு’ என்றால் போர், அது தணிந்த இடம் செருத்தணி என்று தலபுராண வழியில் பெயர் விளக்கமும் சொல்வதுண்டு. கோபம் என்பது ஒருநாள் தணியத்தான் வேண்டும் என்ற விதியை இதிலிருந்து பெறும் கட்சிக்காரர், பழனிக்குப் போனவர் வீடு திரும்பவேயில்லை என்ற பகுதியைக் கண்டுகொள்வதில்லை.

வலுவான சான்று வரலாற்றில் இருக்கிறது. சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்த திருத்தணி, 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் தனியே பிரிந்தபோது அதனுடன் போயிற்று, ம.பொ.சிவஞானம் முதலியோர் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்துக்குப் பின், படாஸ்கர் செய்த சமரசத்தின் அடிப்படையில் 1960 ஏப்ரல் 1 அன்று தமிழகத்துக்குத் திரும்பியது. செங்கல்பட்டு, சேலம் மாவட்டங்களின் சில பகுதிகள் பதிலுக்கு ஆந்திரத்துக்குத் தரப்பட்டமையால், இதனை ஐபிஎல் நடைமுறையில் ‘வீரர் பரிமாற்றம்’ என்று கூறினாலும் பொருந்தும். ஒரு மலையும் கோயிலும் திரும்பி வந்திருக்க, ஒரு சுழற்பந்து வீச்சாளர் வரக்கூடாதா என்பது கட்சிக்காரரின் வாதம். இதற்கு மணவூர் நடைமேடையில் இதுவரை மறுப்பு எழுந்ததில்லை.

அந்தச் சுழற்பந்து வீச்சாளர் ரவிச்சந்திரன் அஸ்வின். 2009 முதல் 2015 வரை சென்னை சூப்பர் கிங்ஸ் அணிக்கு ஆடிய அவர், 2011 இறுதிப் போட்டியின் முதல் ஓவரிலேயே கிறிஸ் கெயிலை ரன் எடுக்கவிடாமல் ஆட்டமிழக்கச் செய்ததைக் கட்சிக்காரர் ஆண்டுக்கு நூறு முறையேனும் கையசைத்துக் காட்டுவார். சென்னை அணி 2016, 2017 ஆகிய இரண்டு ஆண்டுகள் தடை செய்யப்பட்டதால், நுணுகிப் பார்த்தால் அஸ்வின் அணியை விட்டுப் போகவில்லை, அணிதான் அவரை விட்டுப் போயிற்று. 2018இல் அணி திரும்பிவந்து கோப்பையையும் வென்றது. அஸ்வினையோ பஞ்சாப் 7.6 கோடி ரூபாய்க்குக் கொண்டுபோயிற்று. பின்னர் டெல்லி, ராஜஸ்தான் என்று அவர் சுற்றிய ஆண்டுகளில், ‘வரணும்’ என்ற கோஷம் மாலை வண்டியில் ஒருநாளும் ஓயவில்லை.

2024 நவம்பரில் ஜெட்டா நகரில் நடந்த ஏலத்தில் சென்னை 9.75 கோடிக்கு அவரைத் திரும்பப் பெற்ற இரவு, 2010இல் வாங்கப்பட்டு, நாளடைவில் வண்டி துடைக்கும் துணியாகப் பதவியிறங்கியிருந்த மஞ்சள் சட்டை மீண்டும் துவைத்து இஸ்திரி போடப்பட்டது. சட்டையும் தாய் அணிக்குத் திரும்பியது என்க. “அண்ணா, அவருக்கு இப்ப முப்பத்தெட்டு ஆவுதுண்ணா” என்று எதிர் இருக்கை இளைஞர் நினைவூட்டியபோது, “வயசா தம்பி பந்து போடுது, கைதான போடுது?” என்று கட்சிக்காரர் கேட்ட கேள்வி, அன்று அந்தப் பெட்டியில் முடிந்த முடிபாக ஏற்கப்பட்டது.

இக்கட்சியின் அயல்நாட்டு ஆதாரமாகக் காட்டப்படுபவர் கூடைப்பந்து வீரர் லெப்ரான் ஜேம்ஸ். சொந்த மாநிலமான ஒகையோவின் கிளீவ்லேண்ட் அணியை 2010இல் விட்டு மயாமிக்குப் போனபோது ஊரார் அவர் பெயர் பொறித்த சட்டைகளைக் கொளுத்தினர். 2014இல் திரும்பி வந்தபோது புதிய சட்டைகளை வாங்கினர். 2016 இறுதித் தொடரில் ஒன்றுக்கு மூன்று என்று பின்தங்கியிருந்த அணி, அடுத்த மூன்று ஆட்டங்களையும் வென்று தன் வரலாற்றின் முதல் கோப்பையைப் பெற்றது. கல்லூரியில் படிக்கும் மகன் சொல்லக் கேட்ட இக்கதையைக் கட்சிக்காரர் 2016 உடன் நிறுத்திக்கொள்வார். 2018இல் லெப்ரான் மறுபடியும் கிளம்பி லாஸ் ஏஞ்சல்ஸ் போனதை மகன் சொல்லத் தொடங்கும்போது வண்டி எப்படியோ மணவூர் வந்துவிடும். மேலும், திரும்பியபோது லெப்ரானின் வயது 29. கட்சியின் முழுக் கோளாறும் இந்த எண்ணில்தான் இருக்கிறது: கட்சிக்காரர் அழைப்பது ஓர் ஆளை அன்று, ஓர் ஆண்டை. அஸ்வின் வந்தால் 2011 வரும் என்று அவர் எதிர்பார்த்தார், வந்ததோ 2025.

அந்த 2025இல் அஸ்வின் 9 ஆட்டங்களில் 7 விக்கெட்டுகள் எடுத்தார். சென்னை அணி தன் வரலாற்றில் முதன்முறையாகப் பட்டியலின் கடைசி இடத்தைப் பிடித்தது. ஆகஸ்ட் 27 அன்று அவர் ஐபிஎல்லிலிருந்து ஓய்வு பெற்றார். இத்தகைய முடிவு மற்றொரு கட்சியைக் கலைத்திருக்கும். ‘வரணும்’ கட்சிக்காரரோ, தாமதமாக அழைத்த நிர்வாகத்தின் தவறு இது என்று ஒரே நிலையத் தூரத்தில் தீர்ப்பளித்து, மஞ்சள் சட்டையை மீண்டும் வண்டி துடைக்க அனுப்பினார்.

உண்மையான கொள்கைச் சிக்கல் அதே ஆண்டு நவம்பரில்தான் எழுந்தது. சஞ்சு சாம்சனைப் பெறுவதற்காக ரவீந்திர ஜடேஜாவைச் சென்னை ராஜஸ்தானுக்குக் கொடுத்தது. 2008இல் ஜடேஜா ஐபிஎல் வாழ்வைத் தொடங்கியதே ராஜஸ்தானில்தான். ஆகவே போனவர் பழைய அணிக்குத் திரும்ப வேண்டும் என்ற கட்சி விதி எழுத்துப் பிசகாமல் நிறைவேறியிருந்தது. 2023 இறுதிப் போட்டியின் கடைசி இரு பந்துகளில் ஆறும் நான்கும் அடித்துக் கோப்பையைத் தந்தவர் போய்விட்டார் என்று வருந்துவதா, கொள்கை வென்றது என்று மகிழ்வதா என்பதில், கடம்பத்தூரிலிருந்து செஞ்சிப் பனம்பாக்கம் வரை கட்சிக்காரர் வாய் திறக்கவில்லை. வண்டி மணவூரை நெருங்கும்போது, “பொறந்த வீடு வேற, பொழச்ச வீடு வேற தம்பி” என்று விதிக்கு ஒரு திருத்தம் சேர்க்கப்பட்டது. இறங்குவதற்குள், ஜடேஜா சென்னைக்கு வரணும் என்ற தீர்மானம் ஒருமனதாக நிறைவேறிற்று.

அதற்கு அடுத்த மாதம், டிசம்பர் 6 அன்று, ஜடேஜாவுக்கு 37 வயது நிறைந்தது.