செத்த கப்பல் மிதக்கும்

பகலில் எனக்கு ஆபீஸ், கணக்கு, மேனேஜர். ராத்திரி பத்து மணிக்கு மேல் நான் ராஜேந்திர சோழன். ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2’ கம்ப்யூட்டர் விளையாட்டில் 2022இல் திராவிடர்களையும் சேர்த்தார்கள். அது எனக்குத் தெரிய வந்தது சமீபத்தில்தான். சுருள்வாள் வீரர்கள் உண்டு, யானை உண்டு, நல்ல கப்பல்கள் உண்டு. குதிரைப்படை மட்டும் சவலை. படைவீரனைத் தட்டினால் தமிழில் பதில் சொல்கிறான். வீட்டில் எனக்கு அந்த மரியாதை கிடைத்ததில்லை.

ஆன்லைனில் முகம் தெரியாதவர்களோடு மோதும்போதுதான் ஒரு விசித்திரம் பிடிபட்டது. எதிராளியின் கோட்டைக் கதவை என் யானைகள் முட்டி உடைக்கிற அதே நொடியில் அவருக்கு இன்டர்நெட் போய்விடும். ஜெயிக்கிறவனுக்குப் போனதாகச் சரித்திரமே இல்லை. வாரக் கடைசியில் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற கதாபாத்திர விளையாட்டை ஆட வீடியோ காலில் கூடும் இன்னொரு கோஷ்டியிலும் இதே கதைதான். தம்பி ஒருவனின் மந்திரவாதி சாகப்போகிறான் என்றால், “அண்ணா, டைஸ் கட்டிலுக்கு அடியில் போயிடுச்சு, செல்லாது” என்று குரல் வரும்.

இந்த அழுகுணி ஆட்டத்தின் பூர்வீகத்தைத் தேடிப் போனால் அது நேராக அரண்மனைக்குள் போய் நிற்கிறது.

1806இல் ஜெனாவில் நெப்போலியனிடம் பிரஷ்யா வாங்கிய அடி இன்னும் வீங்கியிருந்த காலம். ரைஸ்விட்ஸ் என்றொரு பிரபு மணலில் மேடு பள்ளம் அமைத்து, கட்டைகளைப் படைகளாக நகர்த்தும் விளையாட்டைக் கண்டுபிடித்திருந்தார். இளவரசர்களுக்கு அது பிடித்துப்போய் அப்பாவிடம் சொன்னார்கள். ராஜாவோ, கொண்டு வா பார்க்கலாம் என்றார். மகாராஜாவின் முன்னால் மணலைக் கொட்டுவதா? ரைஸ்விட்ஸ் அவகாசம் வாங்கி, இழுப்பறைகள் வைத்த ஒரு பெரிய மேஜையையே செய்து, 1812இல் கொண்டுவந்து இறக்கினார். நிஜப் போரில் தோற்ற ராஜகுடும்பம் அன்று முதல் மேஜையில் ஜெயிக்க ஆரம்பித்தது.

அவருடைய மகன் பீரங்கிப் படை அதிகாரி. 1824இல் அவர் இதை ஒழுங்குபடுத்தினார்: வரைபடம், டைஸ், நடுவர். எதிரி எங்கே இருக்கிறான் என்பது நடுவர் சொன்னால்தான் தெரியும். குண்டு பட்டதா இல்லையா என்பதை டைஸ் சொல்லும். இன்று நான் ஆடும் அத்தனை ஆட்டங்களுக்கும் கொள்ளுத்தாத்தா இதுதான். இளவரசர் வில்ஹெல்ம் இதை ஊக்கத்தோடு ஆதரித்தார். பின்னாளில் ஜெர்மனியின் கைசரும் ஆனார்.

தாத்தா ஆதரித்த நடுவரைப் பேரன் இரண்டாம் வில்ஹெல்ம் படுத்திய பாடு தனிக்கதை. ராணுவப் பயிற்சிப் போர்களில் கைசர் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் வெற்றி. பெரிய குதிரைப்படையைத் திரட்டிக்கொண்டு அவரே முன்னால் பாய்வார். எதிரே இயந்திரத் துப்பாக்கி இருந்தாலும் நடுவர்கள் கைதட்டுவார்கள். சம்பளம் யார் கொடுப்பது என்று அவர்களுக்குத் தெரியும். கடைசியில் இளைய மோல்ட்கே என்ற ஜெனரலை ராணுவத் தலைமைப் பதவிக்கு அழைத்தபோது அவர் ஒரு நிபந்தனை போட்டார்: மன்னர் இனிமேல் விளையாட்டில் தலையிடக் கூடாது. கைசர் ஒப்புக்கொண்டார். பின்னே, 1914இல் நிஜத்தில் ஆடப்போகிறவருக்கு மேஜை எதற்கு?

ஆனாலும் கைசரெல்லாம் கத்துக்குட்டி. இந்தக் கலையின் உச்சம் 1942 மே மாதம், ஜப்பானின் யமாட்டோ போர்க்கப்பலில். மிட்வே தீவைப் பிடிக்கும் திட்டத்தை மேஜையில் ஆடிப் பார்க்கிறார்கள். நடத்துகிறவர் கடற்படைத் தளபதி யமமோட்டோவின் தலைமை அதிகாரி உகாக்கி. அமெரிக்கர்களாக ஆடியவர்கள் விமானங்களை அனுப்ப, நடுவர் ஒகுமியா டைஸை உருட்டினார். ஒன்பது குண்டுகள் பட்டன. அகாகி, காகா என்ற இரண்டு விமானந்தாங்கிகளும் அவுட்.

உகாக்கி யோசித்தார். ஒன்பது ரொம்ப அதிகம், மூன்று என்று வைத்துக்கொள்ளலாம் என்று தீர்ப்பு சொன்னார். கத்தரிக்காய்க்காரியிடம்கூட இவ்வளவு குறைத்துக் கேட்கக் கூச்சமாக இருக்கும். அகாகி லேசான காயத்தோடு பிழைத்தது. காகா மட்டும் மூழ்கியது. அதுவும் எவ்வளவு நேரத்துக்கு? அடுத்த கட்டமாக ஃபிஜி, நியூ கலிடோனியா படையெடுப்பை ஆடியபோது காகா புத்தம்புதுசாக வந்து நின்றது. யாரும் எங்கிருந்து வந்தாய் என்று கேட்கவில்லை. சிரார்த்தத்துக்கு வந்த பிதுரைக் கேள்வி கேட்கும் வழக்கம் உண்டா என்ன?

ஜூன் 4ஆம் தேதி நிஜ அமெரிக்க விமானங்கள் வந்தன. சில நிமிடங்களில் அகாகி, காகா, சோர்யு மூன்றும் தீப்பிடித்தன, சாயங்காலம் ஹிர்யு. அந்த விமானிகளிடம் உகாக்கியால் பேரம் பேச முடியவில்லை.

ஆன்லைன் உலகத்திலும் ராஜ மரணம் ஒன்று உண்டு. 1997 ஆகஸ்டில் ‘அல்டிமா ஆன்லைன்’ வெள்ளோட்டத்தின்போது, விளையாட்டை உருவாக்கிய ரிச்சர்ட் கேரியட், லார்ட் பிரிட்டிஷ் என்ற மன்னர் வேடத்தில் பிரஜைகளுக்குத் தரிசனம் தந்தார். மன்னருக்குச் சாவே கிடையாது. ஆனால் சர்வர் விழுந்து எழுந்ததில் சாகாவரத்தை மறுபடி போட்டுக்கொள்ள மறந்துவிட்டார். ரெயின்ஸ் என்ற பெயரில் ஆடிய ஒருவர், திருடிய மந்திரச் சுருளால் நெருப்பை ஏவினார். மன்னர் பொத்தென்று விழுந்தார். பக்கத்தில் நின்ற பிரபு ஒருவர் பிசாசுகளை வரவழைத்து, சும்மா வேடிக்கை பார்த்த கூட்டத்தையும் சேர்த்துக் கொன்றார். கொன்றவரை விளையாட்டிலிருந்தே தூக்கினார்கள். காரணம் கேட்டால், அவர் மீது பழைய புகார்கள் இருந்தனவாம்.

2002இல் அமெரிக்க ராணுவம் 25 கோடி டாலர் செலவில் ‘மில்லேனியம் சேலஞ்ச்’ என்றொரு மகா ஆட்டம் நடத்தியது. நீலப்படை அமெரிக்கா, வளைகுடா நாட்டு எதிரியாகச் சிவப்புப்படை. அதற்குத் தளபதி ஓய்வுபெற்ற ஜெனரல் பால் வான் ரைப்பர். ரேடியோவில் பேசினால்தானே ஒட்டுக்கேட்பீர்கள் என்று மோட்டார் சைக்கிளில் சேதி அனுப்பினார். முதல் வேலையாக ஏவுகணைகளையும் சின்னப் படகுகளையும் சரமாரியாக ஏவி, விமானந்தாங்கி உட்பட 16 கப்பல்களை மூழ்கடித்தார். நிஜமென்றால் 20,000 பேர் போயிருப்பார்கள்.

மேலிடம் ஆட்டத்தை நிறுத்தியது. 16 கப்பலும் கடலுக்கு மேலே வந்தன. சிவப்புப்படைக்குப் புதிய உத்தரவு: உங்கள் ரேடார்களைப் போட்டு வையுங்கள், நாங்கள் வந்து குண்டு போட வேண்டும், படையிறக்க வரும் எங்கள் விமானங்களைச் சுடாதீர்கள். அடி வாங்குவதற்கு முன்கூட்டியே கன்னத்தைத் துடைத்துக் காட்டச் சொன்ன ஆட்டம் இது ஒன்றுதான். தாம் கொடுத்த உத்தரவுகளை நிறைவேற்றவே விடவில்லை என்று தெரிந்ததும் வான் ரைப்பர் தளபதி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

நீலப்படை வென்றது.