கார் எரிந்தால் பணிவாக நடந்துகொள்வது எப்படி?

திருப்பூர் பனியன் கம்பெனிக்காரர்களுக்கு ஓர் எளிய வழிகாட்டி.

1. அவிநாசி ரோட்டில் போகும்போது பானெட்டிலிருந்து புகை வந்தால் பதறாதீர்கள். ஷிப்மெண்ட் அவசரம், மேலே போங்கள். பயந்த சுபாவக்காரர்கள் மட்டும் ஓரங்கட்டி, இன்ஜினை அணைத்து, எல்லோரையும் இறக்கிவிட்டு 101-க்கு அடிப்பார்கள். பானெட்டையும் திறக்க மாட்டார்கள். திறந்தால் காற்று பட்டுத் தீ குப்பென்று எழுமாம்.

2. கருகிய வண்டியோடு சர்வீஸ் சென்டருக்குப் போங்கள். அங்குள்ள தம்பி வண்டியைப் பார்க்காமலே கேட்பார்: “வெளியில ஹாரன் மாத்துனீங்களாங்ணா?” ஆமென்றால் ஹாரன். இல்லையென்றால் எலி. இரண்டும் இல்லையென்றால் சீட் கவர்.

3. குற்றத்தை ஒப்புக்கொள்ளப் பழகுங்கள். மெக்கானிக் கை துடைத்துவிட்டு இன்ஜின் சூட்டில் மறந்துபோன வேஸ்ட் துணியாலும் தீப்பிடிக்கும். பாதி கருகிய அந்தத் துணியை விரித்துப் பாருங்கள். ஓவர்லாக் தையலோடு ஒரு கை. நம்மூர் ரிஜெக்ட் பீஸ்தான்! கார் கம்பெனிக்காரன் மேல் பழி போடலாமா?

4. ‘தனித்த சம்பவம்’ என்பதை மனப்பாடம் செய்யுங்கள். 2022 மார்ச்சில் புனேயில் ஓர் ஓலா ஸ்கூட்டர் எரிந்தபோது நிறுவனம் அப்படித்தான் சொன்னது. சொல்லிவிட்டு 1,441 ஸ்கூட்டர்களைத் திரும்ப அழைத்தது. அதே மார்ச்சில் வேலூரில், வீட்டில் சார்ஜ் போட்டிருந்த வேறொரு மின் ஸ்கூட்டர் எரிந்து தகப்பனும் மகளும் இறந்தார்கள்.

5. சட்டம் பேசாதீர்கள். பழுதான வண்டிகளைத் திரும்ப அழைக்கச் சொல்ல மோட்டார் வாகனச் சட்டத்தில் 110ஏ என்றொரு பிரிவு இருக்கிறது. 2021 ஏப்ரல் முதல் அதற்கு விதிகளும் உண்டு. அபராதம் 1 கோடி ரூபாய் வரை போகும். ஆனால் ஒரே மாடலுக்குப் போதிய புகார்கள் சேர வேண்டும். நீங்கள் வாகன் தளத்தில் புகாரைப் பதியாவிட்டால் கணக்கு ஏறாது, யாருக்கும் தொந்தரவில்லை.

6. தொழிலில் கற்றதைக் கம்பெனி கேட்டிலேயே விட்டுவிடுங்கள். 1,000 பீஸ் லாட்டில் பையரின் ஆள் 80 பீஸை எடுத்துப் பார்ப்பார். ஏக்யூஎல் 2.5 கணக்கில் ஆறு பீஸில் பெரிய குறை இருந்தால் லாட்டே ஃபெயில். “அது எலி கடிச்சதுங்க, தனித்த சம்பவம்” என்று அவரிடம் என்றைக்காவது சொல்லியிருக்கிறோமா? ராத்திரியோடு ராத்திரியாக அட்டைப்பெட்டி எல்லாவற்றையும் பிரித்து ரீசெக்கிங் போடுகிறோம். இத்தனைக்கும் நம் பனியன் எதுவும் பைபாஸில் தீப்பிடித்ததில்லை.