கப்ரி கண்ட அண்ணை

மழை பெய்கிற நாட்களில் நான் லிப்டில் ஏறுவதில்லை. நாலு மாடிதானே, படியால் போகலாம். மூட்டு வலிக்கும். வலித்தால் பூச எண்ணெய் இருக்கிறது. லிப்டுக்குள் அவர் நின்றால் அதற்கு எண்ணெய் கிடையாது.

மழை என்றால் தண்ணீர். தண்ணீர் என்றால் கப்ரி. ஒன்றிலிருந்து மற்றதற்குப் போக அவருக்கு ஒரு மாடி ஏறுகிற நேரம் போதும்.

"தம்பி, கப்ரியிலை நாங்கள் போட்டிலை போகேக்கையும் இப்பிடித்தான் ஒரு தூறல்..."

உங்கள் பிளாட்டிலும் இப்படி ஒருவர் இருப்பார். உங்களுக்கு நயாகராவோ சிங்கப்பூரோ வாய்த்திருக்கும். பாமன்கடையில் எங்களுக்கு வாய்த்தது கப்ரி. 2018 இல் சுவிஸிலிருக்கும் மகன் தாய் தகப்பனை இத்தாலிக்குக் கூட்டிக்கொண்டு போய், ஒரு போட்டைத் தனியாகப் பிடித்து அந்தத் தீவைச் சுற்றிக் காட்டியிருக்கிறான். மூன்று மணி நேரம். அந்த மூன்று மணி நேரம் இன்னும் முடியவில்லை.

முதல் தடவை அவர் "கப்ரி பாத்தனீரோ?" என்று கேட்டபோது நான் வெள்ளந்தியாக, "ஓம் அண்ணை, காலி வீதியிலை விலைக்கழிவு போட்டிருக்கிறாங்கள், மகளும் ரெண்டு வாங்கினவள்" என்றேன். முழங்காலுக்குக் கீழே நிற்கிற அந்தக் காற்சட்டைக்கு அந்தத் தீவின் பெயரைத்தான் வைத்தார்கள் என்பதை அன்றைக்கு அரை மணி நேரம் படித்தேன். வாங்கி வந்த பாண் கையிலேயே ஆறிப்போனது.

இங்கே தண்ணீருக்குக் குறைவில்லை என்பதுதான் பெரிய சிக்கல். பாமன்கடையில் எந்தப் பக்கம் திரும்பினாலும் கால்வாய் வரும். அதில் முதலைக்குத் தம்பி போல ஒரு கபரகொய்யா நீந்திப் போகும். மற்றவர்கள் பிள்ளையைப் பின்னால் இழுத்துக்கொள்வார்கள். இவர் மதிலில் கையூன்றி நின்று, "கப்ரியிலை கடலுக்குள்ளை மூண்டு பெரிய பாறை நிக்குது தம்பி. ஃபரல்யோனி எண்டு பேர். கடைசிப் பாறையிலை ஒரு நீலப் பல்லி இருக்கு" என்பார். பல்லி நீலமாக இருந்தால் எனக்கென்ன, பச்சையாக இருந்தால் எனக்கென்ன? கேட்க வாய் வராது. மூத்தவர்.

வெள்ளவத்தையிலிருந்து பத்தரமுல்லைக்குக் கால்வாய் வழியே போட் விட்டபோது முதல் வரிசையில் போய் இருந்தவர் இவர்தான். மணம் தாங்காமல் ஆட்கள் கைலேஞ்சியால் மூக்கைப் பொத்திக்கொண்டிருக்க, இவர் ஒவ்வொரு பாலத்தின் கீழும் "ஃபரல்யோனியிலை நடுப்பாறை ஓட்டைக்குள்ளாலை போட் போறது இப்பிடித்தான்" என்று அறிவித்தாராம். அந்தப் பாறை வளைவின் கீழ் போகும்போது கூட வந்தவரை முத்தமிட்டால் அதிர்ஷ்டமாம். கதை அந்த இடத்துக்கு வரும்போது அண்ணையின் மனைவி, எங்கள் அக்கா, எழும்பி, அடுப்பில் ஒன்றும் இல்லாவிட்டாலும், அடுப்படிக்குப் போய்விடுவார். முத்தம் நடந்ததா இல்லையா என்பது ஏழு வருஷமாக எங்களுக்குத் தெரியாது. கேட்டால் அண்ணை, "போட்டுக்காரன் கண்ணை மூடிக்கொண்டவன்" என்று மட்டும் சொல்வார்.

நீலக்குகைக் கதைக்குத் தனி மேடை வேண்டும். உண்மையில் அது நல்ல குகைதான், நானும் வாசித்துப் பார்த்தேன். வாசல் கிட்டத்தட்ட ஒரு மீற்றர் உயரம். பெரிய போட்டிலிருந்து சின்ன வள்ளத்துக்கு மாறி, மல்லாந்து படுத்துவிட வேண்டும். வள்ளக்காரன் சுவரிலுள்ள சங்கிலியைப் பிடித்து, அலை தாழுகிற கணத்தில் சரக்கென்று உள்ளே இழுத்துவிடுவான். தண்ணீருக்கு அடியில் இன்னொரு பெரிய திறப்பு இருக்கிறது. வெயில் அதற்குள்ளால், தண்ணீரால் வடிக்கப்பட்டு வருவதால் குகை முழுக்க நீலமாய் எரியும். ஐந்து நிமிஷத்தில் வெளியே கொண்டுவந்து விட்டுவிடுவார்கள். போட்டுக்கு ஒரு காசு, குகைக்கு ஒரு காசு, பாட்டுப் பாடின வள்ளக்காரனுக்கு ஒரு காசு.

இதை வாயால் சொன்னால் போதாதா? 2022 பங்குனியில் நாட்டில் பதின்மூன்று மணி நேரம்வரை கரண்ட் இல்லாத நாட்கள் வந்தன. மாடிக்காரர் எல்லோரும் காற்றுக்காக மொட்டைமாடியில் கூடினோம். காஸ் இல்லை, பெற்றோல் இல்லை, பால்மா இல்லை. அண்ணையிடம் ஒரு நீல வாளி இருந்தது. கைபேசியின் ரோச்சைப் போட்டு வாளியால் மூடினார். "எல்லாரும் படுங்கோ" என்றார். ஏன் படுத்தோம் என்று இன்றைக்கும் விளங்கவில்லை. ஓய்வுபெற்ற வங்கி முகாமையாளர் ஒருவர், இரண்டு ஆசிரியைகள், நான், என் மனைவி எல்லோரும் சீமெந்துத் தரையில் மல்லாந்து கிடந்தோம். "சங்கிலி!" என்று கத்திக்கொண்டு வாளியைத் தூக்கினார். கொஞ்சம் நீலமாகத்தான் இருந்தது. பாட்டும் பாடினார். பிள்ளைகள் இன்னொருக்கா என்றார்கள். அந்த வருஷம் முழுக்க எங்கள் பிளாட்டில் பிள்ளைகள் சிரித்த இரவு அது ஒன்றுதான் என்று மனைவி சொல்வாள். எனக்கு முதுகு பிடித்துக்கொண்டது.

அதே வருஷம் இன்னொன்றும் நடந்தது. போட்டுக்கு மகன் கொடுத்தது நானூறு யூரோ. 2018 இல் அண்ணை கதையைத் தொடங்கியபோது அது 75,000 ரூபாய். 2022 இல் ரூபாய் குப்புற விழுந்தது. நாடே தலையில் கைவைத்துக்கொண்டிருக்க, இவருடைய கப்ரிப் பயணம் சில கிழமைக்குள் ஒன்றரை லட்சம் ஆனது. நாட்டில் அந்த ஆண்டு பெறுமதி கூடிய ஒரே சொத்து அதுதான். பிறகு ரூபாய் கொஞ்சம் எழும்பியது. அவர் விலையை இறக்கவில்லை.

மற்றக் குணங்களுக்கு ஒரு வரி போதும். வைக்கோல் தொப்பி போடுவார். பிளாட் கமிட்டித் தலைவர் கனடாவிலிருந்தபடி வட்ஸ்அப்பில் ஆட்சி நடத்துவதை, ரோமாபுரிக்குத் திரும்பாமல் கப்ரியிலிருந்தே பத்து வருஷம் ஆண்ட திபேரியஸ் மன்னனோடு ஒப்பிடுவார். அது பொருத்தம்தான். ஊர் எது என்று கேட்டால் "யாழ்ப்பாணம்" என்பார். யாழ்ப்பாணத்தில் எங்கே என்றால் "பண்ணைப் பக்கம்." பண்ணைப் பாலத்துக்கு எந்தப் பக்கம் என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை.

இந்த வருஷம் நல்லூர்த் திருவிழாவுக்குப் போகிறபோது, அப்படியே நயினாதீவு அம்மனையும் கும்பிட்டு நெடுந்தீவையும் பார்ப்போம் என்று ஒன்பது பேர் சேர்ந்தோம். இரவு பஸ் வெள்ளவத்தையை விட்டு நகரும்போதே, "தனிப் போட்டெண்டா அதிலை ஒரு முறை இருக்கு தம்பி" என்று தொடங்கினார். புத்தளத்தில் நான் நித்திரை போல நடித்தேன். மதவாச்சியில் உண்மையாகவே தூங்கினேன். விடியப்புறம் கண் விழித்தபோது கப்ரிப் போட்டுக்காரன் எலுமிச்சம்பழச் சர்பத் கொடுத்துக்கொண்டிருந்தான்.

"அது சர்பத் இல்லை" என்றார் அக்கா முன்சீற்றிலிருந்து. "சாராயம். சொல்லாமல் ரெண்டு கிளாஸ் குடிக்கவிட்டவர். வெள்ளிக்கிழமை வேறை."

குறிகட்டுவானில் நயினாதீவுப் போட்டுக்குக் குனிந்து, தலையை இடித்து, டீசல் மணக்கும் வயிற்றுக்குள் இறங்கினோம். "நீலக்குகை!" என்று அவர் சொல்லப்போகிறார் என்று ஒன்பது பேரும் காத்திருந்தோம். சொன்னார். அம்மனைக் கும்பிட்டுத் திரும்பி வந்து, நெடுந்தீவுக்கு மீன்பிடிக்காரப் பெடியன் ஒருவனின் பைபர் போட்டைப் பேசினோம். 22,500 ரூபாய். ஆளுக்கு 2,500. சில்லறை மாற்றக் கஷ்டம் என்று நானே முழுதும் கொடுத்தேன்.

ஏறும்போது கப்ரிக்கும் நெடுந்தீவுக்கும் போட்டி வைத்து அவரைக் கொஞ்சம் சீண்டலாம் என்று நினைத்திருந்தேன். கணக்கு என்னிடம் தயாராக இருந்தது. கப்ரி பத்துச் சதுர கிலோமீற்றர், நெடுந்தீவு ஐம்பது. ஐந்து கப்ரியை உள்ளே வைக்கலாம். அங்கே 589 மீற்றர் மலை இருக்கிறது, அதை ஒத்துக்கொள்கிறேன். நெடுந்தீவின் சிகரம் என்பது யாராவது கிணற்றுக்கட்டில் ஏறி நின்றால் உண்டாவது.

துறையை விட்டு வெளியே வந்ததும் சோளகக் காற்று பிடித்தது. போட் எழும்பி விழுந்தது. வங்கி முகாமையாளர் முருகா என்றார். பிள்ளைகள் ஒரு பக்கமாகச் சாய்ந்தார்கள்.

"எல்லாரும் நடுவுக்கு வாங்கோ. பையளை அணியத்திலை வையாதையுங்கோ. தம்பி, நீர் எழும்பாதையும், இரும்!"

யார் குரல் என்று திரும்பிப் பார்த்தேன். தொப்பியைக் கழற்றிக் காலுக்கடியில் வைத்துவிட்டு, போட்டின் ஆட்டத்தோடு ஆடிக்கொண்டு, ஒன்றையும் பிடிக்காமல் இருந்தார். பெடியன் இயந்திரத்தைத் தணித்துவிட்டு மரியாதையாகக் கேட்டான்.

"ஐயா எந்த ஊர்?"

"இஞ்சைதான்" என்று நாடியால் முன்னே காட்டினார்.

முன்னே ஒரு கோடு மாதிரி நெடுந்தீவு தெரிந்தது. போர்த்துக்கேயர் அதைப் பசுத்தீவு என்றார்கள். ஒல்லாந்தர் தங்கள் ஊரின் பெயரையே வைத்து டெல்ப்ட் ஆக்கினார்கள். அதில் பிறந்தவர் ஏழு வருஷமாக எங்களுக்கு அதன் பெயரையே சொல்லவில்லை. ஏனென்று எனக்குத் தெரியும். "தீவானோ?" என்று கேட்கும்போது சிலர் வாய் எப்படி வளையும் என்பது, அப்படி வளைத்த ஊரில் பிறந்த எனக்குத் தெரியாமல் இராது.

ஒரு மணி நேரம். ஒரு கப்ரி இல்லை. எனக்கே பொறுக்கவில்லை. "ஏன் அண்ணை, கப்ரியிலை அலை இல்லையோ?" என்றேன்.

"அங்கை நான் காசு குடுத்துப் போன ஆள். இதிலை நான் சத்தியெடுத்துப் போன ஆள்" என்றார். பிறகு கடலைப் பார்த்தபடி சொன்னார். "எட்டு வயசிலை அப்பர் பெட்டியோடை பெட்டியா என்னையும் போட்டிலை தூக்கிப் போட்டவர், யாழ்ப்பாணத்திலை படிக்க. அம்மாவுக்குக் கடுமையெண்டு பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வந்து நிக்கேக்கை காத்து. போட் விடேல்லை. அடுத்தநாள்தான் விட்டவங்கள்." அந்த அடுத்தநாளைப் பற்றி அவர் சொல்லவில்லை. "போட்டிலை ஏறினால் சர்பத்தும் தருவாங்கள் எண்டு எனக்கு அறுபத்திரண்டு வயசிலைதான் தம்பி தெரிஞ்சது."

"சாராயம்" என்றார் அக்கா. குரலில் இந்த முறை சூடில்லை.

துறையில் பெடியன் கயிறு எறிவதற்குள் அண்ணையே எடுத்து எறிந்தார். ஆட்கள் உள்ளே நிற்கக்கூடிய பெருக்குமரத்தைப் பார்த்தோம், மட்டக்குதிரைகளைப் பார்த்தோம், முருகைக் கல்லை அடுக்கிக் கட்டின வேலிகளுக்கிடையில் அவர் ஒரு வேலியருகில் மட்டும் கொஞ்சம் கூட நேரம் நின்றார். திரும்பி வரும்போது துறையில் ஊர்ச்சனம் பையோடும் பிள்ளையோடும் போட்டுக்கு நின்றது. ஒரு கிழவியின் கையில் எக்ஸ்ரே உறை. இன்றைக்கும் கடல் கொந்தளித்தால் அந்தத் துறையில் நிற்பதைத் தவிரப் பெரும்பாலும் வழியில்லை. தனிப் போட் பிடித்து வந்த எங்களுக்கு அவர்கள் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. அண்ணை கிழவியையும் எங்கள் போட்டில் ஏற்றினார். யாரையும் கேட்கவில்லை. கிழவி நடுவில் இருந்தாள்.

இதோடு நான் நிறுத்தியிருந்தால் அவர் நல்ல மனிசன் என்று கட்டுரை முடிந்திருக்கும். நல்ல மனிசன்தான். ஆனால் போட் காசில் அவருடைய பங்கு 2,500 ரூபாய். அக்காவுடையதும் சேர்த்தால் 5,000. கொழும்பு வந்து மூன்று மாதம். முதல் தடவை கேட்டபோது, கிழவிக்கும் பங்கு வைத்துப் பத்தால் பிரிக்க வேண்டாமா என்று யோசிக்கச் சொன்னார். இரண்டாம் தடவை கேட்டபோது, கப்ரியில் மகன் நானூறு யூரோ கொடுத்தும் ஒருவரிடமும் பங்கு கேட்கவில்லை என்று ஞாபகப்படுத்தினார். இன்றைய விலையில் அது எவ்வளவு என்றும் சொன்னார். என் ஐயாயிரம் மட்டும் அப்படியே நிற்கிறது.

இப்போது மழை பெய்தாலும் நான் லிப்டில்தான் ஏறுகிறேன். மூன்று கிழமையாக அவர் படியால் போகிறார்.